ஏறாவூர் வழியும் பாடும் வாவியும்

யாத்திரை என்ற மாத்திரத்தே எம்மவர் சிந்தை கண்டிக்கும் நுவரெலியாவுக்கும், அனுராதபுரத்துக்கும் சீகிரியாவுக்கும் ஓடிவிடுகின்றது. கையிற் சிறிது பொருள் மிகுந்தாற் காசியும் இராமேசுவரமும், பின்னும் மிகுந்தால் இலண்டனும் பாரிசும் நினைவுக்கு வருகின்றன. அவை காணத்தக்க இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் பலர் விடுமுறைக்கு ஊர் வருங்கால், "பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்லலாம்?" என்று எம்மை வினவுவதுண்டு. பாசிக்குடாவிற் குளித்துக் கல்லடிக் கடற்கரையிற் காற்று வாங்கிய பின் இம்மாவட்டத்திற் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்று காட்டவே விழா மலருக்கு இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

யாம் காட்டப் புகும் இடங்களிற் சிலவற்றிலே கண்ணாற் காண்பதற்கு அதிகம் இல்லை. வீதியோரத்துப் பெயர்ப்பலகைகள், ஒரு கல்லெருது, காட்டு நடுவே ஒரு குன்று, அலை மாத்திரம் தோன்றும் ஒரு கடற்பரப்பு, இரவிலே ஒரு தோணி: இவ்வளவே. பின்னணிக் கதையை அறிந்து செல்வார்க்கு அவை இடங்கள். அறியாதார்க்கு வழியிற் கடந்து போவன.

ஏறாவூரைத் தொடக்கமாகக் கொள்வோம். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறத்தாழ 9 மைல் தொலைவில் உள்ளது இவ்வூர். கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருவோர் மட்டக்களப்பை அடையுமுன் ஏறாவூர் நிலையத்திலேயே இறங்கிவிடலாம். கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவி இவ்வூர்ப் புறத்திலிருந்து தெற்கே கல்முனைப் புறம் வரை சுமார் 35 மைல் நீண்டு கிடக்கின்றது. அதன் கீழைக் கரைக்கு எழுவான்கரை என்றும், மேலைக் கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர். ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் ஒரு நாட்டின் இரு பாதிகளுக்கும் பெயராயின. திசையறி கருவியை அறியாத உழவன் இட்ட பெயர் இவை. இவற்றினும் செவ்விய பெயரை எந்தப் புலவரும் இட்டிருக்க முடியாது. மட்டக்களப்பு என்ற பெயரையோ, தோணியேறி வந்த முக்குவர் களப்பின் எல்லையைக் கண்டு, இது மட்டமான களப்பு என்று கூறியதால் எழுந்ததென்பர். சிங்களத்தில் அதனைச் சேற்றுக் களப்பு எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவர்.

இனி, வீதியின் கதை. பேருந்தில் ஏறி நகரிலிருந்து வடக்கு நோக்கி வருவோர் வரிசையாகச் சில பெயர்ப்பலகைகளைக் காண்பர். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி. இவற்றை வெறும் ஊர்ப்பெயர்களாகப் படித்துச் செல்வார்க்கு அரை மணிப் பிரயாணம். கர்ணபரம்பரையை அறிந்தார்க்கோ ஒரு போரின் நாட்குறிப்பு. முன்னொரு காலத்தில் வாவிக்கரையில் வாழ்ந்த மீன்பிடி மக்களாகிய திமிலருக்கும் முக்குவருக்கும் பகை மூண்டது. வாணிகத்தின் பொருட்டு வந்திருந்த முஸ்லிம்களை முக்குவர் துணைக்கு அழைத்தனர். இரு சாராரும் கூடித் திமிலரை வடக்கே துரத்தினர். பகைவரைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். துரத்தி வந்தோர் களைப்பாறிய இடம் வந்தாறுமூலை. சிதறியவர் மீண்டும் சந்தித்த இடம் சந்திவெளி. ஓடிய திமிலர் வெருகலுக்கு அப்பால் ஒதுங்கினர். அவர்கள் மறுபடி ஏறி வராதபடி காவலாக முஸ்லிம் வீரரைக் குடியேற்றிய இடம் ஏறாவூர். துணை வந்தார்க்குக் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை மணம் செய்து கொடுத்தனர் என்று கதை முடிகின்றது.

இக்கதையை எவ்வளவு நம்பலாம்? ஊர்ப்பெயர் முந்தியதோ, கதை முந்தியதோ என்பது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி. பெயரின் பொருள் மறந்து போனபின் அதை விளக்கக் கதை புனைவது எல்லா நாட்டு மக்களுக்கும் இயல்பு. ஓரிரு பெயர்கள் போரினால் எழுந்திருக்க, ஏனையவை பின்னர் அக்கதையிற் கோக்கப்பட்டிருத்தல் கூடும். போர் ஓர் ஊருக்குப் பெயராதல் புதுமையன்று. இங்கிலாந்திலே 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் வென்ற களத்தருகே எழுந்த ஊருக்கு இன்றும் 'போர்' என்பதே பெயர். எம் கருத்தை வெளிப்படையாகச் சொல்லின், வந்தாறுமூலைக்குக் கூறப்படும் விளக்கம் சற்றே இழுத்துப் பொருத்தியது போலத் தோன்றுகின்றது. ஆயினும் கதையின் இறுதிப் பகுதியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஏனெனில் அதற்குச் சான்று ஏட்டிலன்றி வீடுகளிலே கிடக்கின்றது. தாய்வழியாக வரும் குடிமுறை இப்பகுதித் தமிழரிடத்தும் உண்டு, முஸ்லிம்களிடத்தும் உண்டு. கோயிலிலும் பள்ளிவாசலிலும் குடிவழியாகப் பொறுப்பு ஏற்கும் மரபு இரு சாராரிடத்தும் வழங்கிவந்தது. மணமானபின் மருமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடு மகளுக்குச் சேர்வதும் இரு சாராருக்கும் பொது. அரபு நாட்டிலிருந்து கொணர்ந்த வழக்கம் அன்று இது, அயல்வீட்டிலிருந்து வந்தது.

எம்மோடு பள்ளியிற் பயின்ற ஏறாவூர் முஸ்லிம் நண்பர் ஒருவர் உளர். அவர் எம்மை மச்சான் என்றே விளிப்பார், யாமும் அவ்வாறே. இளமையில் அதனை ஒரு செல்லச் சொல்லாக மாத்திரம் கருதியிருந்தோம். மணவுறவுக் கதையை அறிந்தபின், அச்சொல் எத்துணைப் பழைமையானதாக இருக்கக்கூடும் என்று எண்ணி வியந்தோம். திமிலர் கதையை அவர் தம் பாட்டனாரிடம் கேட்டவாறு சொல்லும்போது, காவல் நின்றவர்களே கதைத் தலைவர்கள். வந்தாறுமூலைப் பக்கத்தில் யாம் கேட்ட கதையிலோ துரத்திச் சென்றவர்கள் தலைவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கேட்டாலே போர் முழுமை பெறுகின்றது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது செல்லுதல் நேர்மையாகாது. 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏறாவூரிலே நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, ஓர் இரவிற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் பிடிக்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் மக்கள், அவர்களிலும் பெண்டிரும் குழந்தைகளும் பலர், கொல்லப்பட்டனர். கதையிலே ஓரணியில் நின்றோர் எனப்படுவாரின் வழித்தோன்றல்களே இரு சாராரும். அதன்பின் நெடுங்காலம் அவ்வீதியில் ஒருவர் ஊருக்குள் ஒருவர் இறங்க அஞ்சினர். கதை சொல்லும் முதியோர் தத்தம் பக்கத்துக் கதையையே தத்தம் பேரருக்குச் சொல்லிச் சென்றனர். எதிர்ப்பக்கத்துப் பாதியைக் கேட்டவர் இன்று மிகச் சிலர். ஆதலால், பிள்ளைகளோடு இவ்வழி செல்லும் பழைய மாணவர் வண்டியை நிறுத்தாது ஓட்டிச் செல்லாமல், ஏறாவூரில் ஒரு தேநீர்க் கடையிலும் வந்தாறுமூலையில் ஒரு கோயில் வாயிலிலும் சற்று இருந்து, ஊர்ப்பெயர் எங்ஙனம் வந்தது என்று முதியவர் எவரையேனும் கேட்க வேண்டுகின்றோம். வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்குப் பயிலும் மாணவரையும் கேளுங்கள். எத்தனை பேருக்குத் தெரிகின்றது என்பதும் ஓர் ஆராய்ச்சியே.

செங்கலடியைத் தாண்டி வடக்கே சென்று, கிரான் பக்கத்தில் மேற்கே திரும்பிக் காட்டுவழியிற் சென்றால் ஒரு குன்று தோன்றும். தமிழர் அதன் உச்சியைக் குடுமியாகக் கண்டு குடும்பிமலை என்றனர். சிங்களவர் தொப்பியாகக் கண்டு தொப்பிகல என்றனர். ஆங்கிலேயர் பிரபுவின் தலையணியாகக் கண்டு பாரன்ஸ் கப் என்று தம் நிலப்படத்திற் பொறித்தனர். மூவரும் ஒரு கல்லைப் பார்த்துத் தத்தம் தலையைத் தடவிக்கொண்டனர் போலும். 2007 ஆம் ஆண்டு யூலை வரை போர்க்களமாயிருந்த இடம் அது. பின்னர் பொதுமக்கள் செல்லத் திறந்துவிடப்பட்டது. வெயில் ஏறுமுன் செல்க.

படுவான்கரைக்குச் செல்வோம். மண்முனைத் துறையில் முன்பு ஓடப்பாதையிலே வாவியைக் கடக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டில் அங்குப் பாலம் திறக்கப்பட்டமையால் இப்போது சில நிமிடங்களிற் கொக்கட்டிச்சோலையை அடையலாம். ஆங்குள்ள தான்தோன்றீசுவரர் ஆலயத்தைப் பற்றி இரு கதைகள் உள. ஒன்று, வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தில் வெட்டியபோது குருதி பெருகியதென்றும், அவ்விடத்தே இலிங்கம் தானே தோன்றியிருக்கக் கண்டனர் என்றும் கூறுவது. மற்றையது கல்லெருதின் கதை. ஐரோப்பியப் படைத்தலைவன் ஒருவன் கோயிலை இடிக்க வந்தான். மண்டபத்திலிருந்த நந்தியைக் காட்டி, "இது புல் தின்னுமா?" என்று எள்ளி நகையாடினான். ஏழைப் பூசகர் நடுங்கியவராய் இறைவனை வேண்டிப் புல்லை நீட்ட, கல்லெருது எழுந்து புல்லைத் தின்று, சாணமும் இட்டது. அஞ்சிய படைத்தலைவன் திரும்பிச் சென்றான்.

மதுரைத் திருவிளையாடல்களிலே கல்லானைக்குக் கரும்பு அருத்திய கதையை யாவரும் அறிவர். ஆங்கு அற்புதம் செய்பவர் சித்தராய் வந்த சிவபெருமான். எதிரே நிற்பவன் பாண்டியன். கொக்கட்டிச்சோலைக் கதையும் அவ்வச்சிலே வார்த்ததே எனினும், வேறுபாடுகள் சிந்திக்கத்தக்கன. இங்கே சித்தர் இல்லை. நடுங்கும் பூசகரே உள்ளார். எதிரே நிற்பவனோ சமயத்தை ஐயுறும் அரசன் அல்லன். கோயிலை அழிக்கும் அந்நியன். மதுரைக் கதை ஓர் அரசன் தெளிந்த கதை. இது கோயில் ஒன்று தப்பிய கதை. சாணம் இட்டது என்ற விவரம் மதுரையில் இல்லை. மாடு வளர்க்கும் படுவான்கரையான், தின்றது மெய்யாயின் சாணமும் மெய்யாதல் வேண்டும் என்று கேட்டிருப்பான் போலும்!

கதை எங்ஙனமாயினும், அதற்கு அடியில் ஒரு வரலாற்றுச் செய்தி உள்ளது. போர்த்துக்கேயர் 1620 களிலே திருக்கோணேசுவரத்தை இடித்தனர். 1628 இல் மட்டக்களப்புப் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். கடலோரக் கோயில்கள் பல அவர்கள் கையிற் சிக்கின. கொக்கட்டிச்சோலையோ வாவிக்கு அப்பால், வயலும் காடும் சூழ்ந்த கரையிலே இருந்தது. பத்தே ஆண்டில், 1638 மே மாதத்தில், கண்டியரசனோடு கூடி வந்த ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். எருது எழுந்ததோ இல்லையோ, இடையிலே நீர் கிடந்தது, காலமும் குறுகியதாயிற்று. இவ்வாலயத்தைப் பற்றியும், கலிங்கத்திலிருந்து வந்து மண்முனையை ஆண்டாள் எனப்படும் உலகநாச்சியைப் பற்றியும் மேலும் அறிய விரும்புவோர், வித்துவான் எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தைத் தேடிப் படித்தல் நன்று. தமிழ்ச் சைவக் கோயில்களின் கதை நிறைந்த அந்நூலை நமக்குப் பதிப்பித்தளித்தவர் ஒரு கிறித்தவர் என்பதையும் ஈண்டு நன்றியோடு குறிக்கின்றோம்.

கடலிலும் ஓர் இடம் உண்டு; ஆனால் அதைக் காண நீரில் மூழ்க வேண்டும். 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் முற்பகலில், பிரித்தானியரின் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அண்மைக் கடலில் தாக்கின. திருகோணமலை தாக்கப்படும் என்ற எச்சரிக்கையால் முன்னிரவில் அத்துறைமுகத்தை விட்டு வெளியேறிய கப்பல் அது. விமானந்தாங்கியாகவே தொடக்கத்திலிருந்து வரையப்பட்ட முதற் கப்பல் என்ற பெருமை உடையது. அன்றோ, அதன் தட்டில் ஒரு விமானந்தானும் இல்லை. அரை மணிக்குள் கப்பல் மூழ்கிற்று. அதன் தலைவர் உட்பட 307 பேர் மாண்டனர். துணைவந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலாகிய வம்பயரும் அன்றே மூழ்கிற்று. வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் 600 பேரளவில் மீட்டது. 170 அடிக்கு மேற்பட்ட ஆழத்திலே கிடக்கும் ஹேர்மிசைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் நீர்மூழ்குவோர் வருகின்றனர். எமக்கு அத்திறமை இல்லை. கல்லடிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினோம். வழக்கம்போல அலை வந்துகொண்டிருந்தது.

ஹேர்மிஸ் கடற்படையிற் சேர்ந்த 1924 ஆம் ஆண்டிலேயே கல்லடி இரும்புப் பாலமும் திறக்கப்பட்டதென்பது தற்செயலான ஒற்றுமை. அப்போதைய தேசாதிபதி மனிங் அவர்களின் மனைவியார் பெயர் அதற்கு இடப்பட்டது. 2013 இல் அதன் அருகே புதிய பாலம் எழுந்தபின், பழைய பாலம் நடந்து செல்வோர்க்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் உரியதாயிற்று. இக்கட்டுரையின் தலையாய விந்தை அப்பாலத்தின் அடியிலே உள்ளது.

மீன் பாடும் தேன் நாடு என்று மட்டக்களப்பைப் புகழாதார் இலர். மாநகரசபையின் சின்னத்திலும் மீன் உண்டு. ஆனால் மீன் பாடக் கேட்டவர் எத்தனை பேர் என்று எம் பழைய மாணவர் கூட்டம் ஒன்றிலே கை உயர்த்தச் சொன்னோம். உயர்ந்தவை மூன்று கைகள். அம்மூன்றில் ஒன்று, வானொலியிற் கேட்டது.

மேனாட்டாருட் பாட்டைக் கேட்டு விரிவாக எழுதியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற். 1845 முதல் 1850 வரை இலங்கைக் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த அவர், 1848 செப்தெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவெழுந்த பின் மீனவரோடு தோணியேறி, கோட்டை வாயிற்றுறையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 யார் சென்றார். காற்று அசையவில்லை, நீரிலே அலையுமில்லை. நரம்பொன்றை மெல்லத் தடவியது போலவும், ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தது போலவும் நீருக்கடியிலிருந்து ஒலி எழக் கேட்டார். ஒரே சுரமாயிராது, உச்சமும் மந்தமும் கலந்த பல சிற்றொலிகளாக அவை இருந்தன. தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி பெருகிற்று. தோணி நகர நகரச் சில இடங்களில் ஒலி மங்கி மறைந்தது; பழைய இடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் கேட்டது.

பாடுவது மீனன்று, ஊரியே என்று மீனவர் அவருக்குக் கூறினர். அவர்கள் சொன்ன பெயரை அவர் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துள்ளார். அதனைச் சற்றே ஊன்றி ஒலித்துப் பார்த்தால் 'ஊரி குளறுகிறது' என்பதே அது என யாம் கருதுகின்றோம். குளறுதல் என்பது எம் நாட்டு வழக்கில் வாய்விட்டு அழுதல். ஆகவே அன்றைய மீனவர் வாவி பாடுகின்றது என்று சொல்லவில்லை; ஊரி அழுகின்றது என்றே சொல்லியிருக்கின்றனர். பாட்டு என்பது பின்வந்தோர் சூட்டிய பெருமை. அழுகையைப் பாட்டாகக் கேட்டது யார் காது என்பதும் ஆராயத்தக்கது.

ரெனன்ற் மீனவர் கூற்றை ஏற்றுக்கொண்டார். அவர் காட்டிய நியாயம் இது: ஒலி சில இடங்களிலிருந்து அசையாமல் வருகின்றது, மீனோ ஓடித் திரிவது, ஆகவே ஒலிப்பது அசையாது கிடக்கும் சிப்பியினமாதல் வேண்டும். தருக்கம் செவ்விதாகத் தோன்றுகின்றது. அதிற் குறை எங்கே உள்ளது என்பதைக் காண நாம் கலிபோர்ணியாவுக்குச் செல்ல வேண்டும்.

1980 களிலே, சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையில் உள்ள சோசலிற்றோ என்னும் ஊரிற் படகு வீடுகளில் வாழ்ந்த மக்கள், கோடைகால இரவுகளிற் பெரியதொரு முழக்கத்தால் உறக்கம் இழந்தனர். கழிவுநீர்ப் பொறி என்றனர் சிலர். கடற்படையாரின் மறைவான சோதனை என்றனர் வேறு சிலர். கடைசியில் அது ஒரு மீன் என்று கண்டனர். உடலின் கீழ்ப்புறத்திலே கடற்படைச் சிறுவரின் சட்டைப் பொத்தான்கள் போல ஒளிப்புள்ளிகள் வரிசையாக உடைமையால், அதனைக் கடற்படைப் பயிலுநன் என அழைப்பர். ஆண்மீன் கற்களின் அடியிலே கூடமைத்து, அவ்விடம் விட்டு அசையாமல், பெண்மீனை அழைத்து முழங்குகின்றது. காற்றுப்பையின் இருபுறத்துத் தசைகளைச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவை சுருக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓயாது ஒலிக்க வல்லது. ஆக, அசையாத இடத்திலிருந்து ஒலி வருதல் மீனுக்கு மாறான சான்று ஆகாது. ரெனன்ற் அறிந்த மீன்கள் ஓடுவன. கூடு காக்கும் மீனை அவர் எண்ணவில்லை.

ஊரிக்கோ ஒலியெழுப்பும் உறுப்பு எதுவும் இல்லை. மீன்களுள் ஒலிப்பன பல. தூண்டிலில் அகப்பட்ட கெளிறு கரகரவென்று கத்துவதை வாவிக்கரைப் பிள்ளைகள் யாவரும் கேட்டிருப்பர். அது செட்டை முள்ளைப் பொருத்தில் உராய்ந்து எழுப்பும் ஒலி. கீளி முதலியன காற்றுப்பையால் உறுமுவன. மீனன்றிச் சில இறால் வகைகளும் கொடுக்கைச் சொடுக்கி ஒலிக்கும். 1939 முதல் 1945 வரை நிகழ்ந்த உலகப் போரிலே நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியாற் கண்டறிய முயன்றோரை, எண்ணெயிற் பொரிவது போன்ற இவ்விறால்களின் ஆரவாரம் பெரிதும் மயக்கிற்று. மட்டக்களப்பு வாவியின் பாடகர் இன்னார் என்று முடிந்த முடிபாக இதுகாறும் நிறுவப்படவில்லை. பலகுரற் பாட்டு என ரெனன்ற் எழுதியதை நோக்கின், பாடுவோர் ஒரே இனத்தவர் அல்லர் என்று நினைக்க இடமுண்டு.

பாலத்தின்மேல் நின்று கேட்கவில்லையே என்று பலர் குறைகூறுவர். அதற்கு விஞ்ஞானம் விடை தருகின்றது. ஒலி நீரிலே செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்திற் செல்லும். காற்றிலே 340 மீற்றர். நீரும் காற்றும் தன்மையாற் பெரிதும் வேறுபட்டவை ஆதலின், நீருள் எழுந்த ஒலி மேற்பரப்பை அடைந்ததும் பெரும்பாலும் உள்ளேயே திருப்பப்படுகின்றது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே வெளிவருகின்றது. மரம் அத்துணை வேறுபட்டதன்று. ஆகவே துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையைக் காதோடு பொருத்தினால், ஒலி மரத்தின் வழியே ஏறி எலும்பின் வழியே செவியை அடைகின்றது. இத்தாலியப் பேரறிஞர் இலியனாடோ தா வின்சி, குழாயின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையிற் காதை வைத்தால் தொலைவிலுள்ள கப்பல்களின் ஒலியைக் கேட்கலாம் என்று 1490 அளவில் எழுதி வைத்தார். எம் வாவித் தோணிக்காரருக்கு அதனை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இவ்வாவியின் இசையில் உள்ளம் தோய்ந்தவர். அதனை நீரர மகளிர் இசைக்கும் இசையாகக் கற்பனை செய்து செய்யுள் பாடினார். பழந்தமிழர் யாழ்களைக் கணித முறையால் ஆராய்ந்து யாழ் நூல் இயற்றியவர், கேட்ட ஒலியைக் கதையென்று ஒதுக்காமலும், ஆராய்ச்சியென்று உலர்த்தாமலும் இசையாகவே கொண்டார். அந்நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். கல்லடியில், வாவிக்கு அண்மையிலேயே, அவர் சமாதி உள்ளது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாங் அடிகள் என்னும் அமெரிக்க இயேசு சபைத் துறவியார் கருவியை நீரில் இறக்கி ஒலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று.

யாம் எம் ஏறாவூர் நண்பரோடு இருமுறை சென்றோம். முதன்முறை சென்றது சித்திரைப் பூரணையன்று. நிலவு நன்றாயிருந்தது, பாட்டு இல்லை. புதிய பாலத்தின்மேல் வண்டிகள் ஓயவில்லை. இயந்திரப் படகுகள் சில ஓடின. தோணிக்கார முதியவர் கூலியிற் பாதியைத் திருப்பித் தந்தார், யாம் வாங்கவில்லை. போர்க்காலத்திற் கரையோரக் கண்டற் காடுகள் பாதுகாப்பின் பொருட்டு வெட்டப்பட்டதையும், இறாற் பண்ணைகளுக்காக மேலும் அழிக்கப்பட்டதையும், நகரத்துக் கழிவு வாவியிற் சேர்வதையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறினார். கண்டல் வேரிடையேதான் மீன்குஞ்சுகள் வளர்வன. கூடு இல்லாத மீன் எதற்குப் பாடும் என்று எம் நண்பர் கேட்டார்.

அடுத்த பூரணைக்கு முதல்நாள் மறுபடி சென்றோம். இம்முறை நள்ளிரவு கழிந்து ஒரு மணியளவிலே, பாலத்தை விட்டுச் சற்று விலகித் தோணியை நிறுத்தினோம். முதியவர் துடுப்பை நீரில் இறக்கி, "காதை வையுங்க மனே, மூச்ச விடாதீங்க" என்றார். முதலில் எம் இதயத்தின் துடிப்பே கேட்டது. பின்னர் பொரிவது போன்ற ஒரு சலசலப்பு. அதன் பின்னே, நெடுந்தொலைவில், தம்புராவின் ஒரு நரம்பை யாரோ ஒருவர் மீட்டிவிட்டு விரலை எடுத்தது போல ஓர் ஒலி. நின்றது. மீண்டும் வந்தது, இம்முறை சற்றே தாழ்ந்த சுரத்தில்.

துடுப்பை நண்பரிடம் கொடுத்தோம். அவர் நெடுநேரம் காதை எடுக்கவில்லை. "மச்சான், இது அழுகிறதுதான்" என்றார் கடைசியில். முதியவரோ, தம் தகப்பனார் காலத்தில் துடுப்பே வேண்டியிருக்கவில்லை, தோணியில் இருந்தாலே கேட்கும் என்றார்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பங்குனி முதல் புரட்டாதி வரை செல்க. மாரியில் வாவி வெள்ளநீராற் கலங்கி, முகத்துவாரம் உடைந்து ஓடும். பூரணையை ஒட்டிய மூன்று இரவுகளைத் தேர்க. நள்ளிரவுக்கு முன் செல்வதாற் பயன் இல்லை. இயந்திரம் பூட்டாத தோணியாகப் பார்த்து, கூலியை முன்னரே பேசிக் கொள்க; மரத்துடுப்பு உண்டா என்று கேட்டறிக. இப்போது பல தோணிகள் நாரிழையால் ஆனவை. சிறு பிள்ளைகளைக் கூட்டிச் சென்றால் ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இருத்தல் வேண்டும். ஏறாவூரில் தங்குவோர் விடியுமுன் திரும்பிவிடலாம். யாம் நான்கு மணிக்குக் கரையேறி, சுபகு வாங்கு ஒலிக்கும் வேளையில் நண்பரின் வாயிலில் இறங்கினோம். உள்ளே விளக்கு எரிந்தது, கோப்பி ஆயத்தமாயிருந்தது.